ஈயமா வெள்ளியா

கோப்பெங்குக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த முத்தம்மாவிடம் பழைய காசு ஒன்று இருந்தது. ஈயச் சுரங்கத்தில் மண் அலசும்போது கிடைத்ததென்று அவள் கணவன் உடையப்பன் கொண்டுவந்து கொடுத்தது. கன்னங்கரேலென்று இருந்த பெரிய காசு. “வெள்ளி புள்ள, பத்திரமா வச்சுக்க” என்றான். அடுத்த மழைக்காலத்தில் சுரங்கக் கரை சரிந்து அவன் செத்துப்போனான். பிள்ளை இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் தலை முழுகிவிட்டு, புளியும் செங்கல் பொடியும் போட்டு அந்தக் காசைத் தேய்ப்பாள். கறுப்பு போனது. பளபளப்பு வந்தது. அப்புறமும் விடவில்லை.

குழாயடியில் கங்காணியின் மனைவி கருப்பம்மாள் அவளைச் சீண்டாமல் இருக்கமாட்டாள்.

“என்னடி, ஒம் புருசன் குடுத்த ஈயத்த வெளக்கிட்டியா?”

“ஈயமில்லக்கா, வெள்ளி.”

“ஈயக் குழியில வேல செஞ்சவன் வெள்ளியவா அள்ளிட்டு வருவான்? ஒன்ன நல்லா ஏச்சுட்டான்லா.”

சுற்றி நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவள் பொறுத்துக்கொண்டாள். செத்தவனைப் பொய்யனாக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1926-ல், தீபாவளி கழிந்து வேலையில்லாத ஒரு நாளில், காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே காசு மாற்றும் கடை வைத்திருந்தார் அப்துல் நாசர். பழைய நாணயம் சேர்க்கும் துரைகளும் சீன முதலாளிகளும் அசலா போலியா என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

காசை வாங்கிச் சிறு தராசில் வைத்தார். பளிங்குக் கல்லின்மேல் மெல்லத் தட்டினார். கணீரென்று ஒலித்து நெடுநேரம் அதிர்ந்தது.

“ஈயமா பாய்?”

“ஈயத்துக்கு இந்தச் சத்தம் வராது தங்கச்சி.” பூதக்கண்ணாடியை விளிம்பில் பிடித்தார். “வார்த்தெடுத்த கள்ளக் காசுன்னா இங்க ஒட்டுத் தெரியும். இதுல வட்டமும் கட்டமுமா அடிச்ச வேல அப்படியே இருக்கு. அசல் வெள்ளி. ஸ்பெயின் ராசா காசு.”

முத்தம்மா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். “அவரு பொய் சொல்லல” என்றாள்.

நாசர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எடதான் கொஞ்சம் கொறையுது. ராசா மூஞ்சியக் காணோம். எத வச்சுத் தேச்சீங்க?”

சொன்னாள்.

“அடடா. அந்தக் கறுப்போட கொண்டாந்திருந்தா தொரைங்க போட்டி போட்டுக்கிட்டு வாங்குவாங்க. இப்ப ஒருத்தரும் தொடமாட்டாங்களே.”

பெட்டியிலிருந்து அதே வகைக் காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். நீண்ட மூக்கு, தொங்கும் தாடை, தலையில் இலைமாலை. முத்தம்மா குனிந்து பார்த்தாள்.

“இந்த மூஞ்சியையா இத்தன வருசமா தேச்சேன்?” என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமலே அழுகையானது. நாசர் தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்ததும், “இதையே எடுத்துக்குங்க. ஒங்களோடத இங்க வச்சிருங்க” என்றார். நட்டம் அவருக்குத்தான்.

“வேணாம் பாய். அது யாரு குடுத்ததோ.”

“அப்ப இனிமே தேய்க்காதீங்க. மிச்சமும் போயிரும்.”

“தேய்க்காம வெள்ளிக்கெழம என்ன பண்றது?”

நாசர் காசை அவள் கையில் வைத்தார். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் குழாயடியில் அவளே வாயைத் திறந்தாள். “அக்கா, ஈப்போ பாய்கிட்ட காட்டுனேன். அசல் வெள்ளியாம்.”

“அப்படியா? சரி, நல்லது” என்றாள் கருப்பம்மாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் அரிசி விலையைப் பேச ஆரம்பித்தாள்.

அப்புறம் யாரும் அந்தக் காசைப் பற்றிக் கேட்கவில்லை. அவளிடம் கேட்க வேறொன்றும் அவர்களுக்கு இல்லை. முத்தம்மா வருவாள், வரிசையில் நிற்பாள், தண்ணீர் பிடிப்பாள். ஒருநாள் பொறுக்காமல், “அந்தக் காசுல ஒரு ராசா இருந்தானாம்க்கா, மூக்கு இம்மாம் பெரிசு” என்று தொடங்கினாள்.

கருப்பம்மாளின் குடம் நிறைந்துவிட்டிருந்தது. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் நடந்தாள்.