ஏழாவது வரிசைக்குப் பக்கத்தில்

அந்த நாடாவை நெய்து முடிக்க வினோஜாவுக்கு நாற்பத்தொரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் எடுத்தது. ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதிக்கிறவள். தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், அறுந்த நூல் எல்லாவற்றையும் கட்டக் கொப்பியில் எழுதிவைப்பது அவளுக்குப் பழக்கம். இரண்டு விரல் அகலம், மூன்று முழ நீளம், வெள்ளையில் சிவப்புக் கோலம். அதே கோலத்தைச் சேலத்து விசைத்தறிக்காரன் ஒருவன் நூற்றுப்பத்துச் சேலைகளுக்குக் கரையாக ஆறே நாளில் அடித்து அனுப்பியிருந்தான்.

சனிக்கிழமை, தாய்மாமன் மனைவி இராஜேஸ்வரி மாமியின் மகளுடைய சாமத்திய வீட்டில், பூப்பு நீராட்டு விழாவில்தான் அவள் அதைக் கண்டாள். மண்டப வாசலில் மாமி நின்று வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சேலைப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அரைவாசிப் பேர் ஏற்கெனவே மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

"இஞ்ச பாருங்கோ, என்ர மருமகள் பழகின டிசைன். இந்த நாட்டுப் பழைய சனத்தின்ர நெசவாம். ஒருத்தரிட்டயும் இருக்காது!"

வினோஜா ஒரு சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வரிசைகளை எண்ணினாள். ஏழாவதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அடுத்த முழத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"மாமி, இது எங்களுக்கு நெசவு பழக்கிறவவின்ர அம்மா வீட்டுக் கோலம். அவையளைக் கேக்காமல் இப்பிடி..."

"அடி விசரி, நூலுக்கு ஆர் உறுதி எழுதி வைச்சது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரில் பலாலிப் பக்கம் ஆமி வேலியடைத்த காணியின் உறுதிப் பத்திரத்தை முப்பது வருடமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிற மனுசி இது. வினோஜாவுக்குக் காது சுட்டது. சாப்பிடாமல் மெட்ரோ ஏறி வந்துவிட்டாள். வீட்டில் அம்மா, "மாமிக்கு இது எப்பிடிப் போனது?" என்று கேட்டார். அவள் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு ரொம்சோஸ் சமூக மண்டபத்தில் நெசவு வகுப்பு. பழக்குகிற ரிஸ்தின், நோர்வேயின் வடகோடியில் பிறந்த, சாமி என்னும் பழங்குடியைச் சேர்ந்த பெண். பாவு நூல்களின் ஒரு முனையை ஹீட்டர் குழாயில் கட்ட வேண்டும், மறுமுனையை நெய்கிறவரின் இடுப்பில். உடம்பு பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். முதல் நாளே ரிஸ்தின் சொல்லியிருந்தார்: "படம் எடுக்க வேண்டாம். இது என் அம்மா வீட்டுக் கோலம். எங்கள் ஊரில் இதைக் கட்டிக்கொண்டு போனால், எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கமாட்டார்கள்." வினோஜா கொப்பியில் கட்டம் கட்டமாகக் கீறியதை மட்டும் அவர் தடுக்கவில்லை. "நீ எண்ணாமல் இருக்கமாட்டாய்," என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புத்தான் இப்போது அவளை உள்ளே கிடந்து குத்தியது.

அன்று எல்லோரும் கட்டி உட்கார்ந்த பிறகு ரிஸ்தின் தன் கைபேசியை மேசையில் வைத்தார். முகநூலில் கண்டு அவர் தங்கை வடகோடியிலிருந்து அனுப்பிய படம். சாமத்திய வீட்டு மேடை, வரிசையாக ஒரே கரைச் சேலைகள். முன்வரிசையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அனஸ்ரேசியா அன்ரி. வினோஜாவின் பக்கத்துக் கதிரையில் இருந்து நெய்கிற அதே அன்ரி.

"ஏழாவது வரிசையில் அம்மா ஒரு நூலைத் தூக்காமல் விடுவார். அதையும் விடாமல் எடுத்திருக்கிறார்கள்," படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய ரிஸ்தினின் குரல் உயரவில்லை. "பக்கத்தில் இந்தப் புள்ளி எதற்கென்று தெரியவில்லை. அம்மா ஒருநாளும் புள்ளி வைத்ததில்லை." பிறகு அன்ரியைப் பார்த்தார். "சாப்பாட்டைக்கூடப் படமெடுக்கிறவர் நீங்கள். உங்களை நம்பினேன். அடுத்த கிழமை வர வேண்டாம்."

அன்ரி இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, பாவு நூலைப் பார்த்தபடி, வினோஜாவிடம் தமிழில் சொன்னார்.

"நீர் வாயைத் திறக்காதையும் பிள்ளை. மாமியவை கொம்மாவின்ர ஆக்களெண்டு எனக்குத் தெரியும்தானே. எனக்கு அறுபத்தெட்டு வயசு. வராட்டி வீட்டில கால் நீட்டிக்கொண்டு ரீவி பாப்பன்."

பொய். புருசன் செத்த பிறகு புதன்கிழமைகளில் நாலு மணிக்கே வந்து கோப்பி போட்டு, கதிரை இழுத்து வைக்கிறவர் அவர். முடிச்சு இலேசில் அவிழவில்லை, விரல்கள் வீங்கியிருந்தன. வினோஜாவுக்கு வந்த கோபத்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு சொல் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன ரிஸ்தின்மேல் வந்தது. யார் கேட்டார்கள் இந்தப் பெருந்தன்மையை என்று அன்ரிமேல் வந்தது. மாமிமேல் ஐந்து நாளாக எரிந்தது. 'எம்எஸ்ஸி படிச்சுப்போட்டுத் தண்ணியை மணந்து பாக்கிறாள்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மாமி, ஒரேயொரு நாள், இந்த நாடாவைத் தடவிப் பார்த்து, 'எடி, நீயே செய்தனி? என்ன வடிவு!' என்று கேட்டிருந்தார். அந்த ஒரு நாளை நினைத்தபோது கோபம் வேறு எங்கும் போகாமல் அவளிடமே வந்து நின்றது.

அன்ரியின் முடிச்சு அவிழ்ந்தது. பையை எடுத்தார்.

வினோஜா எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது. மேசைப் பக்கம் போக ஓர் அடி வைத்ததும், நெய்துகொண்டிருந்த அடுத்த நாடா இடுப்பை இழுத்து நிறுத்தியது. அவிழ்க்கக் கை வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கொப்பியைத் திறந்து, கை எட்டிய மட்டும் நீட்டினாள். சதுரங்களுக்குள் சிவப்புப் பென்சில் கோலம். ஏழாவது வரிசைக்குப் பக்கத்தில், தூக்காமல் விடவேண்டிய நூல் மறந்துபோகாதிருக்க அவள் வைத்த புள்ளி. ஹீட்டர் குழாயிலிருந்து அவள் வரைக்கும் நூல் விண்ணென்று நின்றது.

"இது என் புள்ளி," என்றாள் நோர்வேஜிய மொழியில். எல்லோருக்கும் கேட்டது. "அன்ரி ஒன்றும் செய்யவில்லை. என் மாமியும் களவெடுக்கவில்லை. அவர் கேட்டார். இந்தப் பக்கத்தைப் படமெடுத்து நான்தான் அனுப்பினேன்."