நெடுஞ்சாலையின் ஒரே வளைவு

இதில் வருவதெல்லாம் அச்சு அசல் உண்மை. ஒரு வார்த்தை பொய்யானால் சொன்ன நாக்கு அழுகட்டும், எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

ஒரு கடற்கரையில் தொடங்கி மறு கடற்கரையில் முடிகிற அந்தப் பேர்பெற்ற நெடுஞ்சாலைக்கு மர முளை அடிக்கக் கிளம்பியபோது அளவுக்காரருக்கு மீசை கருகருவென்றிருந்தது. பாதி வழி வருவதற்குள் நரைத்துவிட்டது. அவர் இழுத்து வந்த அளவுச் சங்கிலியோ வெயிலில் நீண்டு நீண்டு நான்கு முழம் வளர்ந்திருந்தது. நூல் பிடித்தாற்போல் நேராகப் போகவேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. குறுக்கே நின்ற ஒரு குன்று, இவர் சங்கிலியோடு வருவதைப் பார்த்துத் தானே ஒதுங்கிக்கொண்டது.

ஒதுங்காதது தையல்காரியின் வீடு மட்டும்தான். கோடு சரியாக அவள் மெஷினுக்கு நடுவே போயிற்று.

"காலைக் கொஞ்சம் நகத்தும்மா, முளை அடிக்கணும்."

"அடிங்க சார். எனக்கு இருக்கிறது இந்த ஒரு கூரைதான். அதையும் உங்க படத்துல எழுதிக்குங்க."

சுத்தியல் திடீரென்று கனத்தது. "நாளைக்கு வரேன்" என்றார். அந்த நாளை பதினேழு நாள் நீண்டது. தினமும் வந்து அளந்தார். தினமும் சங்கிலியில் ஏதோ பிழை. பதினெட்டாம் நாள் அவள் பொறுமையிழந்தாள்.

"உங்களுக்கு நேரா வெட்ட மட்டும்தான் தெரியுமா?"

"ரோடுன்னா நேராத்தாம்மா இருக்கும்."

"சட்டையும் நேராத்தான் இருக்கும். கை நுழைய வேணாமா?"

படத்தைப் பிடுங்கி, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் தன் வீட்டைச் சுற்றி ஓர் அக்குள் வளைவு வரைந்தாள். அத்தனை பெரிய சாலையும் அந்தச் சின்ன வீட்டுக்குத் தோள் கொடுத்து வளைந்தது.

மேலதிகாரி படத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "இருபது வருஷமா ஒழுங்காத்தானேய்யா இருந்தே? இதென்ன கோணல்?"

"என் தப்புதாங்க. சங்கிலி வெயில்ல நீண்டுடுச்சு."

"நீண்டா வளையுமாய்யா?"

வேலை போனால் போகட்டும் என்று அளவுக்காரர் சங்கிலியைச் சுருட்டி மேலதிகாரியின் காலடியில் வைத்தார். குனிந்து நிமிர்ந்தவரின் சட்டையை மேலதிகாரி உற்றுப் பார்த்தார். இருபது வருஷமாகப் பித்தானே இல்லாமல் பறந்த சட்டையில் இப்போது ஐந்து பித்தான்கள், ஐந்தும் ஒரே நிற நூலில். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மிச்சச் சாலையை வேறொருவர் அளந்தார். லாரிகளெல்லாம் அந்த வீட்டருகே ஹாரன் அடிக்காமல் மெல்லத் திரும்பும். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு நரைமீசைக்காரர் நேர்க்கோடு தப்பாமல் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த நெடுஞ்சாலையில், கடலிலிருந்து கடல்வரை, வேறு ஒரு வளைவுகூடக் கிடையாது.