ஏழாவது மாடியில் ஒரு கட்டில்

ஷெர்லினை அடக்கம் செய்ததற்கு அடுத்த வாரம் சியோலில் இருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துகள், உங்கள் இடம் உறுதியாகிவிட்டது, விடுதி அறைக்கான கேள்விகளுக்குப் பதில் அனுப்புங்கள் என்று இருந்தது. அவளுடைய போன் என்னிடம் இருந்தது. பதில் அனுப்பினேன்.

அவள் என் மனைவி. தண்டலத்தில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கொரிய மொழி அங்கே தொற்றிக்கொண்டது. கல்லூரியில் இருந்து வருடத்துக்கு ஒருவரை மட்டும் சியோல் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒரு செமஸ்டர் அனுப்புவார்கள். இந்த முறை அவள். மார்ச்சில் போய் ஜூன் கடைசியில் திரும்ப வேண்டும். நவம்பரில் ஒரு மழைநாள், ஒரகடத்தில் டிரெய்லர் லாரி ஒன்று திரும்பியது. அவள் ஸ்கூட்டரில் இருந்தாள்.

இதை நிறையப் பேருக்குச் சொல்லிவிட்டேன். இப்போது சுருக்கமாகச் சொல்ல வருகிறது.

விடுதிக் கேள்விகள் கஷ்டமாக இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்? பன்னிரண்டுக்குப் பிறகு. எத்தனை மணிக்கு எழுவீர்கள்? யாராவது எழுப்பும்போது. அப்படி ஒரு பதில் அதில் இல்லை. எட்டு என்று போட்டேன். போனில் சத்தமாகப் பேசுவீர்களா? ஆம். அறையைச் சுத்தமாக வைத்திருப்பீர்களா? சுமாராக. விளக்கை அணைத்தால்தான் தூக்கம் வருமா? இல்லை, விளக்கு எரிய வேண்டும்.

ஷெர்லினுக்கு டியூப்லைட்டே எரிய வேண்டும். நைட்லாம்ப் போதாது. கல்யாணமான புதிதில் இருந்து நான் கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். இப்போது விளக்கை அணைத்துவிடுகிறேன். ஆனால் கைக்குட்டை கட்டாமல் தூக்கம் வருவதில்லை.

அதன் பிறகு அடிக்கடி மின்னஞ்சல் வந்தது. ஏழாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில், அறைத்தோழி வியட்நாம் பெண். குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும். குப்பையை எப்படி மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் படித்தேன். குப்பை பற்றியதை இரண்டு முறை படித்தேன். அவள் மூன்றையும் ஒரே பையில் போடுவாள், திட்டு வாங்குவாள் என்று நினைத்தேன். கேள்வி இருந்தால் பதில் அனுப்பினேன். அவளுடைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன்.

கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்பைப் பார்த்துக்கொள்ளும் கோபால் சார் மூன்று முறை போன் செய்தார்.

"தம்பி, அவங்க அக்கவுண்ட்ல இருந்துதான் விலகணும். ஓ.டி.பி. அவங்க நம்பருக்குத்தான் வரும். டெத் சர்டிஃபிகேட் அனுப்பியும் பண்ணலாம், ஆனா நாளாகும். ஜனவரி பதினாறுக்குள்ள விலகினா அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க. இல்லன்னா இந்த வருஷம் யாருக்கும் இல்ல."

"சரி சார்" என்றேன். மூன்று முறையும் அதையே சொன்னேன். போனை வைத்ததும் வேறு வேலை பார்த்தேன்.

பொங்கலன்று நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையில் உற்பத்தி லைன் ஓடவில்லை. படப்பையில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேச்சிராஜ் வந்தான். என் லைனில் டெக்னீஷியன், கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். கம்பெனிக்குள் சார் என்பான், கேட்டைத் தாண்டினால் அண்ணே. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க சித்தப்பா மவ, கவியா" என்றான்.

"ஷெர்லின் அக்கா கிளாஸ்" என்றாள் அவள். "அடக்கத்துக்கு வந்திருந்தேன்."

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. உட்காரச் சொன்னேன்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகல?"

"இவ போகல. தனியா விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு நானும் போகல. எங்கம்மா போன்ல என்னையத்தான் ஏசுதா" என்றான் பேச்சிராஜ்.

அவர்கள் உட்காருவதற்குள் கீழே இருந்து வீட்டுக்காரர் கங்கா அக்கா ஏறி வந்துவிட்டார். கையில் மூடி போட்ட கிண்ணம். மனைவி போன வீட்டுக்கு வயசுப் பெண் வந்தால் கங்கா அக்கா வராமல் இருக்க மாட்டார்.

"இன்னா ஜெபா, ஆளுங்க வந்துகீறாங்க போல. சக்கரப் பொங்கல் கொண்ணாந்தேன். நீ துன்ன மாட்டேன்னு தெரியும். வந்த புள்ளைங்களாவது துன்னட்டும்." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ யாரும்மா? இன்னா விஷயம்? காசு கீசு கேக்க வந்தியா?"

"இல்லக்கா. காசு இல்ல."

"சொல்லு பிள்ள" என்றான் பேச்சிராஜ்.

"நீதானே சொல்லுதேன்னு கூட்டியாந்த?"

"எனக்கு நாக்கு வரமாட்டேங்கு. லைன்ல டார்கெட் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டாலே எனக்குப் பேச்சு வராது. இதை எங்கன கேக்க?"

கவியா என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்த சியோல் லிஸ்ட்ல அக்கா முதல்ல, நான் ரெண்டாவது. அக்கா பேர் இன்னும் அதுல இருக்கு. நாளையோட முடியுது அண்ணா."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"கோபால் சார் சொன்னாரு."

அவள் பேச்சிராஜைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். நான் எழுந்து போய் ஷெர்லினின் போனை எடுத்து வந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ரூம் குடுத்துட்டாங்க" என்றேன். "ஏழாவது மாடி."

கவியா போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். அவள் தோளுக்குப் பின்னால் இருந்து பேச்சிராஜும் படித்தான்.

"இந்தப் பதிலெல்லாம் யாருண்ணே எழுதுனது?"

"நான்தான்."

"மதினி பேர்லயா?"

"அவளுக்குத்தானே வந்துது."

கங்கா அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஜெபா, அது பூட்டுதுடா. நீதானே மண்ணு போட்ட?"

"தெரியும்க்கா."

உண்மையிலேயே தெரியும். தெரியாமல் எதையும் செய்யவில்லை. மின்னஞ்சல் வந்தது, கேள்வி இருந்தது, பதில் எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற கேள்விகள் எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கவியா விலகும் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். அழுத்தினேன். போன் அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்தன. பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. முடிந்தது.

"பரவால்லண்ணே, திரும்ப அனுப்பச் சொல்லலாம்" என்றான் பேச்சிராஜ்.

திரும்ப வந்தது. அதுவும் முடிந்தது. தெருவில் யாரோ ஸ்பீக்கரில் பாட்டு போட்டிருந்தார்கள். கங்கா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"அண்ணா" என்றாள் கவியா. "எனக்குப் போகணும்."

"ஏ பிள்ள, மெதுவா" என்றான் பேச்சிராஜ்.

"நீ சும்மா இருண்ணே. ஒரு மாசமா மெதுவாத்தானே இருந்தேன்?" என் பக்கம் திரும்பினாள். "உங்களைப் பாத்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஜூன்ல எனக்குப் படிப்பு முடிஞ்சிரும். அதுக்கப்புறம் இப்படி எதுவும் கிடையாது. இங்கனயே ஏதாவது கம்பெனில எச்.ஆர்.ல உக்காந்து யாரு லேட்டு, யாரு லீவுன்னு பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அக்காவும் நானும் சேந்துதான் அந்தப் பரீட்சைக்குப் படிச்சோம். அவங்க என்னைவிட நாலு மார்க் கூட எடுத்தாங்க. நாலே நாலு. நான் அழுதப்போ, அடுத்த தடவை உனக்குத்தான்டின்னு சிரிச்சாங்க. எனக்கு அடுத்த தடவை கிடையாது. எனக்குப் போகணும்."



நவம்பரில் இருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டார்கள். தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனியில்கூட மேனேஜர் என் ரிப்போர்ட்டை வேறு ஆளிடம் வாங்கினார். இவள் கேட்டாள். கோபமாகவே கேட்டாள். எனக்கு அது தொந்தரவாக இல்லை.

"அவ இடத்துக்குப் போற" என்றேன். குறையாகச் சொல்லவில்லை.

"ஆமா" என்றாள்.

மூன்றாவது முறை எண்கள் வந்தவுடன் அடித்தேன். அடுத்த பக்கம் வந்தது. ஏன் விலகுகிறீர்கள்? பணம், உடல்நலம், விசா, வேறு பல்கலைக்கழகம், சொந்தக் காரணம். கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

"உடல்நலம் போடலாமாண்ணே?" என்றான் பேச்சிராஜ்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கங்கா அக்கா.

சொந்தக் காரணம் என்பதைத் தொட்டேன். நிச்சயமாகத்தானா, உங்கள் அறை ரத்தாகும் என்று கேட்டது. ஆம் என்றேன்.

உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது.

"இன்னா போட்டுக்கீறான்?" என்றார் கங்கா அக்கா.

வாசித்துத் தமிழில் சொன்னேன். "நீங்கள் வராதது எங்களுக்கு வருத்தம். வேறொரு செமஸ்டரில் உங்களைச் சந்திப்போம் என்று நம்புகிறோம்."

"மரியாதை தெரிஞ்சவன்தான்" என்றார் அவர். பிறகு எழுந்து போய் மூன்று தட்டுகளில் பொங்கல் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்றை என் மடியில் வைத்தார். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது, அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. கவியா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டாள். அவள் அழுகிறாள் என்பது தட்டு ஆடியபோதுதான் தெரிந்தது. நான் பார்க்காதது போல இருந்தேன்.

அதன் பிறகு ஷெர்லினின் போனுக்கு எதுவும் வரவில்லை. ரீசார்ஜ் செய்யச் சொல்லி போன் கம்பெனி மட்டும் செய்தி அனுப்பியது. கோபால் சார் போன் செய்து நன்றி சொன்னார். நேரம் குறைவு என்பதால் அங்கே புதிதாக அறை தேடவில்லையாம். கல்லூரிக்கென்று ஒதுக்கிய கட்டிலையே கொடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களாம். பிப்ரவரி கடைசியில் கவியா போனாள். விமான நிலையத்துக்குப் போக பேச்சிராஜ் லீவு கேட்டான். கையெழுத்துப் போட்டேன். நீங்களும் வாங்கண்ணே என்றான். போகவில்லை.

மார்ச்சில் ஒருநாள் கேன்டீனில் டீ இடைவேளையின்போது பேச்சிராஜ் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இதைக் கேளுங்க" என்று போனை என் காதருகே நீட்டினான். கவியாவின் குரல்.

"அண்ணே, ரூம் நல்லாருக்கு. ஜன்னல்ல பாத்தா ஆறு தெரியுது. குளிருதான் கொல்லுது. ஆனா இந்த வியட்நாம் பிள்ள ராத்திரி லைட்டை அமத்த விடமாட்டேங்கா. கேட்டா, நீயும் வெளிச்சத்துலதானே தூங்குவ, அப்படித்தானே எழுதியிருந்த, அதனாலதான் நம்மளச் சேத்துப் போட்டிருக்காங்கங்கா. நான் எப்ப எழுதினேன்? வந்ததுல இருந்து தூக்கமே இல்ல, கிளாஸ்ல உக்காந்து சாமியாடுதேன்…"

பேச்சிராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவனும் அந்தப் பதில்களைப் படித்தவன்தான். இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவகிட்ட ரூம் மாத்திக்கச் சொல்லட்டாண்ணே?"

"வேணாம்" என்றேன். "குடு."

போனை வாங்கினேன். பேசுவதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சுற்றிலும் தட்டு கழுவும் சத்தம். வாயருகே கொண்டுபோனேன்.

"கவியா, ஜெபா பேசறேன். ஒரு கைக்குட்டை எடு. காட்டன்ல இருக்கட்டும். நாலா மடிச்சு கண்ணு மேல வெச்சி பின்னாடி கட்டு. இறுக்கிக் கட்டாத, காலைல தலை வலிக்கும். முதல்ல கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

விரலை எடுக்காமல் இருந்தேன். நொடிகள் ஓடின. பேச்சிராஜ் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணை லைட்டை அணைக்கச் சொல்லாத" என்றேன்.

அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். மணி அடித்தது. இருவரும் லைனுக்குப் போனோம்.