தமிழ்த்துறை புறப்பட்ட நாள்

முதலில் ஒரு விடுகதை. கூரை உண்டு, குடும்பம் இல்லை. நடந்து வரும், கால் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குள் வரும், சாமி இல்லை. அது என்ன?

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குச்சி ஐஸை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். கல்லூரியின் துறை.

கருவேலங்குளம் கலைக் கல்லூரியில் சேர்வதற்காக யாரும் கல்லூரிக்கு வருவதில்லை. பிளஸ் டூ முடிவு வந்ததும் துறைகள்தான் எழுந்து பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும். தன் அறை, தன் பெஞ்சுகள், தன் ஆசிரியர்கள் எல்லாவற்றோடும் போய் வாசலில் நிற்கும். பிள்ளை செருப்புப் போட்டபடியே ஒவ்வொரு துறையிலும் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். எந்தத் துறையின் வாசலில் செருப்பைக் கழற்றுகிறதோ, அந்தத் துறையில் அது சேர்ந்துவிட்டது.

ஒரு பிள்ளைகூடச் சேராத துறை கல்லூரிக்குத் திரும்ப முடியாது. கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். புவியியல் துறை காய்கறிச் சந்தையில் நிற்கிறது. அதில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்கள். தத்துவத் துறை பேருந்து நிலையத்தில் நிற்கிறது. மதுரை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் பெஞ்சுகளில் உட்காருகிறார்கள். அதன் ஆசிரியர் அவர்களுக்குப் பஸ் நேரம் சொல்கிறார். சரியாகச் சொல்கிறார்.

நான் தமிழ்த்துறையில் இருக்கிறேன். எங்கள் துறை எங்கேயும் நின்றதில்லை. இதை நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம்.

எங்களுடையது ஓட்டுக் கூரை போட்ட நீளமான அறை. தேர் வருவது போலத்தான் வரும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முன்னால் நடந்து, கவைக்கம்புகளால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். வளைவுகளில் செவந்தி என்ற மாணவி முட்டுக்கட்டை போடுவாள். துறையில் கடைசியாகப் பணிக்கு வந்தவர் மேசைமேல் ஏறி நின்று, மின்விசிறி ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிறகு யாரையும் பணியில் சேர்க்கவில்லை. அதனால் பல வருடங்களாக நானே பிடிக்கிறேன்.

இந்த வருடம் எல்லா வீடுகளுக்கும் நாங்கள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தோம். அறை மெதுவாக நடந்தது காரணமில்லை. தெருமுனைதோறும் யாராவது பொன்னாடையும் மைக்குமாக எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வரவேற்புரை இருந்தால் பாராட்டுரை இருக்கும். பாராட்டுரை இருந்தால் ஏற்புரை வேண்டும். ஏற்புரைக்குப் பிறகு நன்றியுரை இல்லாமல் யாரும் கலைய முடியாது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் அறை நகராது. அதன் வளர்ப்பு அப்படி. எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால், பிள்ளையின் செருப்பு வணிகவியல் துறையின் வாசலில் கிடக்கும். வணிகவியலுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அது நேராகப் போய்விடும்.

"பேசச் சொன்ன பிறகு பேசாமல் போவது பண்பாகுமா?" என்பார் எங்கள் துறைத்தலைவர் அறவாழி ஐயா. நாங்களும் ஆகாது என்போம்.

இப்படியே ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மீதி இருந்தது ஒரே பிள்ளை. தையல்காரத் தெருவில் ரவூப் பாய் மகள் ஷமீமா. எங்கள் துறையில் இன்னும் ஒருவரும் சேரவில்லை.

அன்று காலை அறவாழி ஐயா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "மங்கை, விசிறி" என்றார். நான் மேசைமேல் ஏறினேன். அறை எழுந்தது.

தபால் நிலைய முனையில் இலக்கிய மன்றச் செயலாளர் வேலாயுதம் நின்றிருந்தார். அவர் கையில் பொன்னாடை. பக்கத்தில் மைக்.

"ஐயா, ரெண்டே நிமிஷம்" என்றார்.

அறை நடையைக் குறைத்தது. கம்பி தூக்கிய மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவந்தி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போடாமல் நின்றாள். ஐயா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மைக்கை வாங்கினார். வாங்காமல் அவரால் இருக்க முடியாது.

"நன்றி" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்கய்யா, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், வேலாயுதம்" என்றார் ஐயா.

அறை நகர்ந்துவிட்டதால் பொன்னாடை ஐயாவின் தோளுக்கு எட்டவில்லை. வேலாயுதம் அதைக் கூரைமேல் வீசினார். அது ஓட்டில் விரிந்து அப்படியே தங்கியது. அதன் பிறகு அறை கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. மேசைமேல் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"மேடம், பாத்தீங்களா? ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு" என்று செவந்தி ஜன்னலுக்குக் கீழே ஓடி வந்தாள். "நல்லவேளை, போன்ல எடுத்துட்டேன். இல்லேன்னா சொன்னா எவன் நம்புவான்?"

தையல்காரத் தெரு குறுகலானது. வணிகவியல் துறை இரண்டு மாடி, முன்புறமெல்லாம் கண்ணாடி. அது தெருமுனையில் மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் வேலைவாய்ப்பு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் ஓரமாக உரசாமல் நுழைந்தோம். உள்ளே ஆங்கிலத் துறை ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. ஜன்னல்களில் பூத்திரை, படியில் குரோட்டன்ஸ் தொட்டி. அதன் தலைவர் ஜெபராஜ் சார் படியில் உட்கார்ந்து ரவூப் பாய் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அறவாழி, மைக்கைத் தாண்டி வந்துட்டீங்களாமே! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"டீ ஆறுது, ஜெபராஜ். அதக் கவனியுங்க" என்றார் ஐயா.

ஷமீமா வெளியே வந்தாள். கழுத்தில் அளவெடுக்கிற இன்ச் டேப், துப்பட்டா நுனியில் குத்திய ஊசி. முதலில் ஆங்கிலத் துறையில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"சார், யாருமே சேரலன்னா நீங்க என்ன ஆவீங்க?"

"எங்களுக்கென்னம்மா, ஏற்கெனவே பிள்ளைங்க சேந்தாச்சு. அப்படியே நின்னாலும் இங்கயே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போட்டுருவோம்" என்றார் ஜெபராஜ் சார். நல்ல பதில்தான். அவர் உண்மை பேசுகிறவர்.

பிறகு அவள் எங்கள் அறையில் ஏறினாள். நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பழைய மாணவர்கள் மேசையில் கீறி வைத்த பெயர்களை விரலால் தடவிப் பார்த்தாள். ஒழுகுகிற ஓட்டைப் பார்த்தாள். மேசைமேல் நிற்கிற என்னையும் பார்த்தாள்.

"நீங்க ஏன் மேல நிக்கிறீங்க?"

"விசிறி ஆடும்" என்றேன்.

"அறைதான் நின்னுருச்சே."

அது சரிதான். நான் இறங்கினேன்.

அவள் ஐயாவிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். "யாருமே சேரலன்னா நீங்க என்ன ஆவீங்க?"

"தெரியாதும்மா" என்றார் ஐயா. "நாங்க நின்னதில்ல."

ஷமீமா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், அளவு சரியாக வந்த சட்டையைப் பார்த்து ஆட்டுவது போல.

அப்போது ரவூப் பாய் வாசலுக்கு வந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. பொத்தானுக்குக் காஜா எடுக்குறது இவதான். ஹெம்மிங் இவதான். சின்னப் பயலுக ரெண்டு பேருக்கும் சோறு ஊட்டுறதும் இவதான். படிக்க ஆசைதான். ஆனா வீட்ட விட்டு அனுப்ப முடியாது."

ஜெபராஜ் சார் டம்ளரைக் கீழே வைத்தார். தெருமுனையில் ஒலிபெருக்கி நின்றது. ஐயா தன் அறையின் சுவரில் கை வைத்தார். இந்தத் தெருவில் நின்றுவிட்டால் எங்கள் அறை என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் அதில் துணிமூட்டை அடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். "கட்டாயம் இல்ல, பாய். பிள்ளை வந்து உக்காந்து பாத்ததே எங்களுக்குப் பெருமை" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரே நாளில் இரண்டாவது முறை.

"வீட்ட விட்டுப் போகல, அத்தா" என்றாள் ஷமீமா அப்பாவிடம்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கத்தரிக்கோலும் நூல் டப்பாவும் கொண்டு வந்தாள். எங்கள் வாசற்படியில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள்.

செவந்தி விசிலடித்தாள். ஜெபராஜ் சார் எழுந்து ஐயாவிடம் கை கொடுத்தார். நான் மேசைமேல் ஏறப் போனேன். "நீங்க இறங்குங்க மேடம், கடைசியாச் சேந்தது நான்தானே" என்றாள் ஷமீமா. விசிறியை அவளே பிடித்துக்கொண்டாள்.

அறை திரும்பியது. அதன் பின்னால் ரவூப் பாயின் வீடும் எழுந்து நடந்தது.

முதல் முறை என்பதால் வீடு கொஞ்சம் தடுமாறியது. "அண்ணே, டிஷ் இடிக்குது! கம்பியை இன்னும் தூக்குங்க!" என்று செவந்தி கத்தினாள். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பையன்கள் இருவரும் ஜன்னலில் நின்று வணிகவியல் துறைக்குக் கை காட்டினார்கள். தபால் நிலைய முனையில் வேலாயுதம் இன்னும் நின்றிருந்தார். இந்த முறை மைக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். பொன்னாடை எங்கள் கூரையில்தான் இருந்தது. பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது தத்துவ ஆசிரியர் எழுந்து நின்றார்.

கல்லூரி வாசலில் முதல்வர் எங்களுக்காகக் காத்திருந்தார். துறை அதன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. வீட்டை எங்கே வைப்பது என்று அவர் கேட்டார்.

ஷமீமா சுற்றிலும் பார்த்தாள். முன்பு தத்துவத் துறை இருந்த காலி இடத்தைக் காட்டினாள்.