முப்பது நாள் அமாவாசை

பிரவீனா எதையும் எழுதி வைக்காமல் நம்பமாட்டாள். எழுதி வைத்த பிறகும் ஒருமுறை சரிபார்ப்பாள். ஐயம்பேட்டையில் முனிரத்தினத்தின் பட்டறையில், புடவை டிசைனுக்கான ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவது அவள் வேலை. மாலையில் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு. அதன் கடைசிப் பரீட்சைக்கு, அவரவர் வேலையை ஒழுங்குபடுத்தும் ஓர் ஏற்பாட்டை இலவச மென்பொருளில் செய்து காட்ட வேண்டும்.

உடன் படிக்கும் லோகேஸ்வரன் கொடுத்த உபுண்டு சி.டி.யை வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எந்தத் தறிக்கு எந்த அட்டை என்பது ஓப்பன் ஆபீஸ் அட்டவணையில். எதை என்றைக்கு முடிப்பது என்பது சன்பேர்ட் காலண்டரில். அன்றன்று நடந்தது தேதி போட்ட குறிப்புக் கோப்பில். 'இது போதுமா, தெரியவில்லை' என்றே பல நாள் குறிப்புகள் முடிந்தன.

தறிகளுக்கு அமாவாசைதான் விடுமுறை. தை அமாவாசையைக் காலண்டரில் குறித்து, 'முப்பது நாளைக்கு ஒருமுறை' என்று போட்டுவிட்டாள். மாசியில் சரியாக வந்தது. பங்குனியில் அவள் மாகறலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்ததால் சரிபார்க்கவில்லை. சித்திரையில் பரீட்சை. தேர்வாளர் வேலூரிலிருந்து மூன்று நாட்கள் வருவார் என்றார்கள். காலண்டர் அமாவாசை என்று காட்டிய புதன்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தவறினால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை முனிரத்தினம் சொன்னார்: "நாளைக்கு அமாவாசை, லீவு. புதன்கிழமை ஆறு மணிக்கே வந்துடுமா. நாலு தறியில புது டிசைன் ஏறுது. அட்டையில தப்பு இருந்தா நீதான் பாக்கணும்."

பிரவீனா தலையாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு அட்டைகளைப் பாழாக்கினாள்.

மாலை வகுப்பில் லோகேஸ்வரனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அமாவாசைக்கு முப்பது நாள்னு எவன் சொன்னது? சில மாசம் இருபத்தொம்பதுல வந்துடும். உங்க ஊட்ல தினசரி காலண்டர் இல்லியா?"

"சர்ச் காலண்டர்தான் இருக்குது."

"அப்ப கம்ப்யூட்டர் மேல பழி போடாத. நீ சொன்னத அது செஞ்சிக்கினு இருக்குது."

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பரீட்சை முறை, உடன் படிக்கும் சின்னக் காஞ்சிபுரத்துக் கோதாவுடையது. மாற்றிக்கொள்ள முடியுமா என்று பிரவீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாளைக்கு ஆத்துல தர்ப்பணம். பத்து மணிக்கு எப்படி வரப்போறேன்னு நானே முழிச்சிண்டிருக்கேன். புதன் கேட்டேன், நீ எடுத்துண்டுட்டேன்னு சார் சொன்னார்" என்றாள் கோதா. "அமாவாசையை ஒரு நாள் தள்ளிவச்ச மகராசி நீதானா?"

வாத்தியார் வேலாயுதம் பட்டியலில் இரண்டு பெயர்களையும் அடித்து இடம் மாற்றினார். தயார் செய்ய ஒரு நாள் குறைந்துவிட்டது. பிரவீனா 'முப்பது நாளைக்கு ஒருமுறை'யை நீக்கினாள். வகுப்புச் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, டிசம்பர் வரை உள்ள அமாவாசைகளைக் கையாலேயே ஏற்றினாள். இது ஏமாற்று வேலையோ என்றும் தோன்றியது.

மறுநாள் தேர்வாளர் திரையைப் பார்த்தார். "இந்த ஒன்பது தேதியும் ஏன் தனித்தனியாப் போட்டீங்க? தானா வர்ற மாதிரி செய்யலாமே?"

"அப்படித்தான் செஞ்சிருந்தேன் சார். தப்பாப் போச்சு. என் முறை நாளைக்குத்தான் இருந்துது. இன்னிக்குத்தான் அமாவாசைன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"பழையபடியே விட்டிருந்தா ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் தப்பும்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு நாள் சார்."

"தானா சரியா வரவைக்க வழி?"

"எனக்குத் தெரியல சார்."

அவர் எழுதிக்கொண்டார். தானாக இயங்கும் பகுதிக்குப் பூஜ்யம். மொத்தம் ஐம்பத்தாறு. தேர்ச்சிக்கு ஐம்பது போதும்.

புதன்கிழமை ஆறு மணிக்கு அவள் பட்டறையில் இருந்தாள். மூன்றாவது தறியின் அட்டையில் ஒரு துளை விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுக் கொடுக்க ஏழரை ஆயிற்று. பத்து மணிக்குக் கோதாவின் முறை. அவள் எப்படிச் செய்தாள் என்று மாலையில் போய்த்தான் கேட்க வேண்டும்.