கழிப்பறையில் மட்டும் கிடைத்த குளிர்

ஆர்விட் டோலஃப்சன் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மினசோட்டாவின் வடகோடியில், லூத்தரன் தேவாலயத்தை ஒட்டி அவர் வீடு. கொல்லைக் கம்பத்தில் காற்றழுத்தத்தையும் குளிரையும் அளக்கும் கருவி, சமையலறைச் சுவரில் அதன் திரை. நடுவே கம்பி கிடையாது. தினமும் விடியுமுன் திரையைப் பார்த்துவிட்டு உணவகத்துக்குப் போய், அன்றைய குளிரைத் தானே தயாரித்தவர் போல அறிவிப்பார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு காலை திரையில் எண்ணே இல்லை. வெறும் கோடுகள்.

"என்ன ஆர்விட், இன்னிக்குக் குளிருக்கு லீவா?" என்றான் உணவகத்தில் டுவெய்ன் குச்செரா. மேசையே சிரித்தது. ஆர்விட் முட்டையைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார்.

கருவிக்குப் புது பேட்டரி போட்டார். ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினார். பகலில் எண்கள் வந்தன. மனைவி மார்லிஸிடம் மார்தட்டிக்கொண்டார். மறுநாள் விடியலில் மறுபடி கோடுகள். வைஃபை பெட்டியை நிலவறைக்கும், மைக்ரோவேவை கராஜுக்கும் நாடு கடத்தினார்.

ஆறிய காபியைச் சுடவைக்கக் கராஜில் நின்ற மார்லிஸ் கேட்டாள்: "அடுத்து என்னையும் இங்க கொண்டாந்து வெச்சிருவியா?"

"நீதான் சிக்னலைக் கெடுக்கறன்னு தெரிஞ்சா வைப்பேன்."

கடைசியில் திரையைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். விடியலில் எண் வந்த ஒரே இடம், கொல்லைப் பக்கம் இருந்த கழிப்பறை. அதுமுதல் தினமும் அங்கேயே உட்கார்ந்து தொலைபேசியில் உணவகத்துக்கு வானிலை வாசித்தார்.

"குரல் என்னமோ எதிரொலிக்குதே, எங்கேர்ந்து பேசற?" என்றான் டுவெய்ன்.

கதவு இடிபட்டது. "ஆர்விட்! அளந்தது போதும், வெளிய வா!"

"கொஞ்சம் பொறு மார்லிஸ், அழுத்தம் இறங்கிட்டிருக்கு!"

"இங்க ஏறிட்டிருக்கு!"

அடிவானத்தில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்த நேரம், மார்லிஸ் சமையலறைச் சன்னல் வழியே வெறித்துக்கொண்டிருந்தாள். தேவாலயக் கோபுரத்தில் எல்.ஈ.டி. சிலுவை, வெயில் பட்டதும் தானாக அணைந்தது. திரையைச் சமையலறைக்குக் கொண்டுவந்து பார்த்தாள். எண்கள் சமர்த்தாக நின்றன. கிறிஸ்துமஸுக்கு அந்தச் சிலுவை வேண்டும் என்று சபைக் குழுவில் சண்டை போட்டவளே அவள்தான். ஒரு வாரம் இதை ஆர்விட்டிடம் மறைத்தாள். பிறகு ஒரு காலை, கழிப்பறைக்கு வெளியே காத்திருந்து பொறுக்க முடியாமல், இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு இருட்டிலேயே தேவாலயத்துக்கு நடந்தாள்.

பாஸ்டர் சிக்னே அங்கே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

"சிலுவையை அணைக்கணுமா? நீங்கதானே அதுக்காக அப்படிக் கத்தினீங்க?"

"எங்க வீட்டு பாத்ரூம் நிலைமை இயேசுவுக்குத் தெரியும் பாஸ்டர். அணைங்க."

மார்லிஸ் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "திரையோட சமையலறைக்கு வா. என்ன காட்டுது?"

"கோடுதான்."

பாஸ்டர் சுவிட்சைத் தட்டினார்.

"மைனஸ் இருபத்திரெண்டு! என்ன பண்ணின மார்லிஸ்?"

"இயேசுவை அணைச்சேன்."

கோளாறு சிலுவையில் இல்லை, அதற்கு மின்சாரம் தந்த மலிவுப் பெட்டியில்; அது கிளப்பிய மின் இரைச்சல்தான் சிக்னலைக் குலைத்தது. பதினோரு வருடமாகத் தேவாலயத்தில் கால் வைக்காத ஆர்விட், கோபுர ஏணியில் முனகிக்கொண்டே ஏறி நல்ல பெட்டியாக மாற்றினார். சிலுவையும் எரிந்தது, எண்ணும் நின்றது.

கீழே ஏணியைப் பிடித்திருந்த பாஸ்டர், "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"பனிப்புயல்," என்றார் ஆர்விட், கொஞ்சமும் தயங்காமல்.

ஆராதனையை ரத்து செய்தார்கள். ஞாயிறன்று வானம் பளிச்சென்று இருந்தது. ஊரில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்த எல்லோருக்கும் மீன் நன்றாக மாட்டியது.