ஒரு நாள் பிந்தி வந்த குரல்

“உனக்குக் காது அடைச்சுப்போச்சா, வாய் அடைச்சுப்போச்சா?” என்று பேருந்து நிலையத்து டைம்கீப்பர் அறிவிப்பாளரைக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீங்க சீட்டைச் சீக்கிரம் குடுங்கண்ணே” என்ற அவளுடைய பதில், செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அதே கண்ணாடி அறையில் வந்து சேர்ந்தது. அப்போது அவள் கை கழுவப் போயிருந்தாள். டைம்கீப்பர் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டி எண் எழுதிய சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சீட்டுகளைச் சீக்கிரமாகவே கொடுத்தார்.

அவள் குரல் பிந்தத் தொடங்கியது அதற்கு நான்கு மாதம் முன்பு. முதலில் கரகரத்தது, பிறகு அரை நிமிடம் தாமதித்தது, பிறகு அரை மணி, அங்கிருந்து ஒரே ராத்திரியில் ஒரு நாளுக்குத் தாவியது. சரியாக ஒரு நாள் பிந்தியபோது மூன்று வாரம் பயணிகள் யாரும் கவனிக்கவேயில்லை. பத்து மணி வண்டி தினமும் பத்து மணிக்குத்தானே கிளம்புகிறது? நேற்றைய அறிவிப்பு இன்றைக்குப் பொருந்திப்போனது. தாமதம் இருபத்தைந்தரை மணி நேரம் ஆனபோதுதான் வினை வந்தது. போய்விட்ட வண்டிக்காகச் சனம் மூட்டை முடிச்சுடன் நான்காம் பிளாட்பாரத்துக்கு ஓடியது. புகார்ப் புத்தகம் ஒரே வாரத்தில் நிரம்பி, புதிது வாங்கினார்கள்.

கிளை மேலாளர் மெமோ கொடுத்தார். மெமோவுக்கு அறிவிப்பாளர்கள் நேரில் வந்து வாய்மொழியாக விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அந்த அலுவலகத்து விதி, எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அவள் மேலாளர் முன்னால் நின்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னாள். மேலாளர் அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘விளக்கம் அளிக்கவில்லை’ என்று எழுதினார். விளக்கம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிய அறைக்குள் வந்தது. வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் அதை முழுவதும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்ச வராந்தாவைப் பெருக்கினாள். இரண்டாவது மெமோவுக்கும் அதே கதிதான். மூன்றாவது மெமோவோடு வேலை போய்விடும்.

குரல் மட்டும் என்றால் சமாளித்திருப்பாள். பாதி வயிறு சாப்பிட்டும் மாதம் இரண்டு கிலோ ஏறியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மற்றவர்கள் வியர்த்து வழியும் மதியத்தில் அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைக் முன்னால் கண் சொருகினாள். அறிவுரைக்குப் பஞ்சமில்லை. நடந்தால் சரியாகும் என்றார் கண்டக்டர். “கல்யாணமான புதுசுல எல்லாரும் இப்படித்தாம்மா பூசினாப்பல ஆவாங்க” என்றார் டீக்கடைக்காரர். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவள் கடுப்பில் கொடுத்த பதில் மறுநாள் வந்து, கேட்டுக்கொண்டிருந்த வேறொருவரைச் சுட்டது. வீட்டிலும் அதே கூத்து. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, “ஆமா, நான் சோம்பேறிதான், நீங்க பெரிய சுறுசுறுப்பு!” என்று கண்ணாடிப் பக்கத்திலிருந்து கேட்கும். “ஏம்மா, நேத்துச் சண்டைக்கு இன்னிக்கு நான் எங்கேருந்து கோபப்படறது?” என்பான் அவன், கன்னத்தில் நுரையுடன்.

ரத்தப் பரிசோதனையில் நாலரைக்குள் இருக்க வேண்டிய எண் அறுபத்தெட்டு இருந்தது. “தைராய்டு மந்தமா இருக்கு. இந்த மாத்திரை, ஆயுசுக்கும்” என்றார் டாக்டர். அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். டாக்டருக்கு எதுவும் கேட்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்று அவள் பையிலிருந்து காகிதம் எடுப்பதற்குள் மணி அடித்து அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். மருந்துக்கடையில் உறைமேல் 1-0-0 என்று எழுதிக் கொடுத்தார்கள், காலையில் ஒன்று. “வெறும் வயித்துல மாத்திரை போட்டா வயிறு புண்ணாயிடும்” என்று கணவன் தினமும் பாலூற்றிய டீயும் ரொட்டியும் கொடுத்து, அதோடு மாத்திரையையும், தெம்புக்கு ஒரு கால்சியம் மாத்திரையையும் நீட்டினான். அன்பில் குறையே சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து அந்த எண் அறுபத்தாறு. டாக்டர் அளவைக் கூட்டினார். அவள் ரிப்போர்ட்டைக் கிழித்தாள். கிழிபடும் சத்தம் மட்டும் உடனே கேட்டது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிறகு ஒரு நாள், முட்டிவலிக்காரர் என்று நிலையத்தில் எல்லோரும் அழைக்கும் தினசரிப் பயணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு வந்தார். “ஏம்மா, மூணு மாசம் முன்னாடி டாக்டர் ரூம்ல கேட்டது உன் குரல்தானே? தினமும் ஸ்பீக்கர்ல கேக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் முட்டிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், இந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா எப்போது போடுவது என்று கேட்டதாம். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தலையை நிமிர்த்தாமலே, விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும், ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி என்றாராம். தமக்காக நர்ஸ் கேட்டதாக நினைத்து இவர் முட்டிவலி மாத்திரையை மூன்று மாதம் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். “உன் பதிலை நான் சாப்பிட்டு எனக்கு அல்சர், சாப்பாட்டோட போடணும்ங்கற என் பதிலை நீ சாப்பிட்டு உனக்கு ஒண்ணுமே ஆகல. இந்தா, உன்னுதை நீ எடுத்துக்க” என்றார். அவள் எழுதிக் காட்டிய மன்னிப்பைப் படித்துவிட்டு, மோர் குடிக்கப் போனார்.

விடியற்காலைத் தண்ணீரும் ஒரு மணி நேரக் காத்திருப்பும் வேலை செய்தன. கணவன் டீயை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தாமதம் இருபது மணி ஆயிற்று, பத்தாயிற்று, மூன்றாயிற்று. ஆனால் குணமாகும்போதுதான் குழப்பம் அதிகம். காலை வண்டிகள் மாலையில் அறிவிக்கப்பட்டன, கூட்டம் கத்தியது. நோயில் இரண்டு மெமோவோடு நின்ற மேலாளர் குணத்தில் மூன்றாவது மெமோவை டைப் அடிக்கச் சொன்னார். அது மேலிடத்துக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் எண் மூன்றரைக்கு வந்து, தாமதம் பதின்மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. மீதி எப்போது போகும் என்று எழுதிக் காட்டினாள். “ரிப்போர்ட் நார்மல்மா. அது உங்க இயல்பா இருக்கும்” என்றார் டாக்டர். டைம்கீப்பர் சீட்டுகளைப் பதின்மூன்று நிமிடம் முன்னதாகக் கொடுத்தார். பிசகு ஒன்றும் வரவில்லை.

மேலாளர் மெமோவுடன் கண்ணாடி அறைக்கே வந்தார். “இப்பவாவது ஏதாவது சொல்றியா, இல்ல கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பறியா?” மைக் திறந்திருந்ததால் கேள்வி பதினெட்டு ஒலிபெருக்கிகளிலும் ஒலித்தது. அவள் உதடு அசைந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

“சார், பதிமூணு நிமிஷம் உக்காருங்க. பதில் வந்துட்டிருக்கு” என்றார் டைம்கீப்பர்.

பிளாட்பாரத்துச் சனம் முழுவதும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி நின்றதால் மேலாளர் மேசைமேல் முழங்கையை ஊன்றி உட்கார வேண்டியதாயிற்று. அவள் உதடு இன்னொரு முறை அசைந்தது. அவள் வாயை மூடியிருக்க, அவள் குரல் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு ஒரு வண்டியை அழைத்தது, வண்டி வந்தது. ஆறாம் பிளாட்பாரத்துக்கு அழைத்தது, அதுவும் வந்தது. மேலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார். பிறகு அவள் பதில் வந்தது.

“ரெண்டு தடவையும் விளக்கம் சொன்னேன் சார். நான் சொன்னப்ப நீங்க இருந்தீங்க, அது வந்து சேர்ந்தப்ப நீங்க இல்ல. நான் சோம்பேறி இல்ல, எனக்கு உடம்பு சரியில்லாம இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சீட்டு மேல உங்க முழங்கை இருக்கு.”

மேலாளர் முழங்கையை எடுத்தார். அடியில் ஒரு சீட்டு கசங்கிக் கிடந்தது. அதைத் தேய்த்து நேராக்கி அவள் பக்கம் நகர்த்தினார். மெமோவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேனாவை மூடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.